அத்தை கொண்டுவந்த ஆமைகள்

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கச்சி, நான், பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன். இல்லாதவர் ஒருவர்தான். அத்தையின் வீட்டுக்காரர். கதவைத் தட்டியது அத்தை என்று தெரிந்ததும் அவரும் கூட வந்திருப்பார் என்றே எல்லோரும் நினைத்தோம். கதவைத் திறந்தபோது அத்தையின் முதுகுக்குப் பின்னால் மூடுபனிதான் நின்றது. அவள் கையில் ஒரு சாக்குப் பை இருந்தது.

மலைமேல் பள்ளிக்கூடத்து லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் ஒன்றும் கிழவர்கள் ஆகிவிடவில்லை. ஆனாலும் போன மாதம் அந்த வழியாக நடந்தபோது பாய்லர் கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்தியிருந்தார்கள். கொட்டகை எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உங்களில் பலர் அந்த ஆமைகளுக்குக் கேரட் தழை போட்டவர்கள். அவை லைனை விட்டுப் போனபின், பட்ட குளிரில் செத்திருக்கும் என்று நீங்களாகவே பேசிக்கொண்டீர்கள். சாகவில்லை.

அத்தை சாக்கைத் தரையில் இறக்கினாள். உள்ளே கல்லோடு கல் உரசுகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

"என்ன தாயி, தேங்காயா?" என்றார் அப்பா.

"ஆமைண்ணே. ரெண்டு கெடக்கு."

அம்மா காப்பி டம்ளரை நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். ஆமை வீட்டுக்குள் வருவதற்கு நம் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். என்ன காரணம் என்று யாரும் சொன்னதில்லை, அதனால் பயம் குறைந்ததும் இல்லை. அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். முந்தின வருஷம் ஒரு பிள்ளை பிறந்து, அழாமலே போயிருந்தது. அதைப் புதைத்த இடத்துக்கு அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

"வாசப்படி தாண்டிருச்சே," என்றார் டிரைவர் அண்ணன். "எதுன்னாலும் வெளிய வச்சுப் பேசுங்கப்பா."

"நாம வேதக்காரங்க. நமக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது," என்று அப்பா சொன்னார். சொல்லிக்கொண்டே சாக்கைத் தூக்கி விறகு அடுக்கின் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம், ஒரு காட்டு வீட்டில். காடு என்றால் நம் சோலைக்காடு மாதிரி இல்லை. முள்ளும் சப்பாத்திக்கள்ளியும் செம்மண்ணும் வெயிலும். விறகு பொறுக்கப் போன இடத்தில் அந்த ஆமைகள் அவளுக்குக் கிடைத்தன. கொல்லையில் வளர்த்தாள். பிள்ளை இல்லாததற்கும், கிணறு வற்றியதற்கும், வீட்டுக்காரரின் தம்பி சைக்கிளில் விழுந்ததற்கும் அந்த ஆமைகள்தான் காரணம் என்று அந்த வீட்டில் முடிவு செய்தார்கள். ஒன்று ஆமை வெளியே போக வேண்டும், இல்லையென்றால் அவள் போக வேண்டும் என்றார்கள். அவள் இரண்டையும் சேர்த்தே செய்துவிட்டாள்.

"காட்டுல விட்டுட்டு வந்தா என்ன?" என்று அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அங்கன வலை போட்டுப் பிடிக்கிறவுங்க இருக்காங்க மதினி. இதுக ஆளைக் கண்டு ஒளியக்கூட மறந்துபோச்சு. கையை நீட்டினா கிட்ட வருதுக. விட்டா அன்னைக்கே சட்டியில கெடக்கும்."

 அம்மா தன் போர்வையில் பாதியை அன்றிரவு அத்தைக்குக் கொடுத்தாள்.

அப்பாவின் வேலை உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் பாய்லர். வெள்ளனே நான்கு மணிக்கே எழுந்து போய்த் தைலமரக் கட்டைகளைத் திணித்துப் பற்றவைப்பார். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் மெட்ராஸ் பிள்ளைகளும் எழுந்து குளிக்கும்போது குழாயில் வெந்நீர் வரும். நம் வீடுகளில் விறகுச் செலவு என்று வாரம் ஒருநாள்தான் தலைக்குத் தண்ணீர். அதனால் நாம் எல்லோரும் பள்ளிக்கூடம் போகும் முன் அந்தக் கொட்டகைக்குள் ஓடிக் கால் காயவைத்துக்கொண்டு போவோம். புகையும் துருவும் ஈரச் செங்கலும் சேர்ந்த ஒரு வாசனை அங்கே எப்போதும் இருக்கும். அதை இப்போது எங்கும் முகர முடியவில்லை.

மறுநாளே அப்பா ஆமைகளை அங்கே கொண்டுபோய்விட்டார். வீட்டுக்குள் வைக்க அம்மாவை வற்புறுத்த வேண்டியதில்லை, அத்தைக்கும் குறையில்லை. தன் யோசனையில் அவருக்கே பெருமை. பாய்லருக்குப் பின்னால் செங்கல் சூடாக இருக்கும் இடத்தில் மணலைக் கொட்டி அவற்றை விட்டார். இரண்டு நாள் ஓட்டுக்குள்ளேயே இருந்தவை, சூடு ஏறியதும் கழுத்தை நீட்டின. அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் சிதறின. தங்கச்சி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முகர்ந்தாள். "மண்ணு வாசம்," என்றாள்.

லைனில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பெரியது புருஷன், சின்னது பொண்டாட்டி என்று தீர்மானித்தார்கள். இரண்டும் முட்டிக்கொண்டால் சிரித்தார்கள்.

"ராத்திரி என்ன தகராறோ?" என்பார் டிரைவர் அண்ணன்.

அத்தை ஒன்றைப் புரட்டி அடி ஓட்டைக் காட்டினாள். "இந்தா, உள்ளாற குழிஞ்சு கெடக்கு பாருங்க. வாலும் நீளம். ரெண்டும் ஆம்பளை. சேத்து விட்டா ஒண்ண ஒண்ணு கவுத்துரும். கவுந்தா நிமிரத் தெரியாது. பிரிச்சு வைக்கணும்ண்ணே."

"தனியா விட்டா ஏங்கிப் போகாதா? துணை வேணும்ல?" என்றார் அப்பா.

"அதுகளுக்குத் துணை வேணாம். வெயிலும் இடமும் இருந்தாப் போதும்."

அப்பாவுக்கு அது ஏறவில்லை. ஒரு ஜீவன் தனியாக இருக்க விரும்பும் என்பதையே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி மனதோடு குறுக்கே கோழிவலை கட்டினார். வலை வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டும் நாள் முழுக்க வலையை முட்டின. மூக்கில் தோல் உரிந்தது. அத்தை வலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஹாஸ்டல் குப்பையில் கிடந்த பேரிக்காய்ப் பெட்டியை உடைத்துப் பலகையாக நிறுத்தினாள். அன்று சாயங்காலமே இரண்டும் தின்ன ஆரம்பித்தன.

அதற்குப் பிறகும் நம்மில் ஒருவன் பலகையைத் தூக்கிவிட்டு இரண்டையும் சண்டைக்கு விட்டான். எது ஜெயிக்கும் என்று கோலிக்காய் பந்தயம். அவன் இப்போது ஒரு ஆபீசில் மரியாதையான வேலையில் இருக்கிறான்; பெயர் வேண்டாம். சின்னது மல்லாந்து கால்களை உதறிக்கொண்டு கிடந்ததை அத்தைதான் வந்து நிமிர்த்தினாள். அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் நம்மை எல்லாம் உட்காரவைத்து, செம்பருத்திப் பூவைக் கிள்ளிக் கிள்ளி எப்படி ஊட்டுவது என்று காட்டினாள்.

அன்று ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, முதலில் மூன்று ஆமைகள் இருந்தன என்று அத்தை சொன்னாள்.

"மூணாவது பொட்டை. ரெண்டும் சேந்து அதைத் திங்க விடல, ஒதுங்க விடல. எந்தச் சந்துக்குப் போனாலும் பின்னாடியே போயி முட்டும். நான் அப்ப ஒண்ணும் தெரியாதவ. எல்லாம் ஒரே இடத்துல கெடந்தா ஒத்துமையாப் போயிரும்னு விட்டுட்டேன். ஒருநா பாத்தா, வேலியோரம் செத்துக் கெடக்கு."

அம்மா கஞ்சியைக் கிண்டுவதை நிறுத்தினாள். அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வீட்டிலும் அண்ணன் தம்பி இருவர்தான். அப்பா, "சரி சரி, பிள்ளைகளுக்குச் சோத்தைப் போடு," என்றார்.

கார்த்திகை பிறந்ததும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு விட்டார்கள். குளிர்காலத்தில்தான் அவர்களுக்கு லீவு, உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பெட்டிகளோடு இறங்கிப் போனார்கள். ஹாஸ்டல் பூட்டப்பட்டது. பாய்லரைக் கழுவி, தண்ணீரை வடித்து, விறகுக் கொட்டகைச் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். லீவு முடியும்வரை அப்பாவுக்குத் தோட்ட வேலை. ஊரிலேயே சூடு தேவைப்படும் மாதத்தில் ஊரின் பெரிய அடுப்பு அணைந்துவிடும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆமைகளை அங்கே வைத்தபோது ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை.

செங்கல் ஒரே நாளில் குளிர்ந்துவிட்டது. இரண்டும் தின்பதை நிறுத்தின. அத்தை அவற்றைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஹாஸ்டலில் யாரோ எறிந்துவிட்டுப் போன ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று கிடைத்தது. ஓட்டையை சைக்கிள் டியூப் வைத்து ஒட்டிக் கொடுத்தார் டிரைவர் அண்ணன். இன்னொன்றுக்குப் பாட்டிலில் வெந்நீர். துணி சுற்றிப் பெட்டியில் வைப்பாள். ஆறிப்போனதும் எழுந்து மறுபடி காய்ச்சுவாள். அம்மா தன் பழைய ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள், பெட்டிமேல் போடச் சொல்லி. அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மார்கழியில் வெயில் எட்டிப் பார்ப்பதே பதினொரு மணிக்குத்தான். அதுவும் சில நாள் இல்லை. ஏரிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சின்ன ஆமையின் மூக்கில் சோப்பு நுரை மாதிரிக் குமிழி விட ஆரம்பித்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஒரு சீழ்க்கை ஒலி.

அத்தை அம்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"மதினி, அடுப்படி மூலை ஒண்ணு குடுங்க. பனி முடியிற வரைக்கும். பெட்டியை விட்டு வெளிய வராது. நான் பொறுப்பு."

அம்மா வயிற்றின்மேல் கைவைத்தாள். "எனக்கு மட்டும்னா சரின்னுருவேன்த்தா. நீயும் பாத்துட்டுத்தான இருந்தே போன வருசம். இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா நான் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அதுக்குப் பயந்துதான் வேணாங்கேன்."

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு இல்லை. அத்தை கேட்டது நாலு சாண் இடம். அது கிடைத்தால் ஆமைகள் பிழைக்கும், அவளும் எங்கள் வீட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் அவள் கீழே வெயிலுக்குத்தான் போக வேண்டும். வெயில் இருந்த இடத்தில் அந்த அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள். இது எங்கள் எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

பாதிரியார் வராத வாரங்களில் கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியாரை அப்பா கூட்டிவந்தார். இது அஞ்ஞானிகளின் பயம், ஆண்டவர் பிள்ளைகளுக்கு ஆகாது என்று உபதேசியார் அம்மாவைக் கண்டித்து ஒரு ஜெபம் செய்துவிட்டால், தானே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியார் வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார். காப்பி குடித்தார்.

"ஐயா, இதை உள்ள விட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுங்கிறா. நாம அப்படி நம்பலாமா? நீங்களே சொல்லுங்க," என்றார் அப்பா.

"நம்பக் கூடாது. அது அஞ்ஞானம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். உபதேசியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆனா, வேதத்துல ஒரு இடத்துல இது வருதே," என்று சொல்லிப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாதவர். தேடிய இடம் கிடைத்ததும் விரலை வைத்துக்கொண்டார். "தீட்டுன்னு போட்டிருக்குப்பா. தரையில ஊர்றதுல."

 அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீ வாசி."

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்தைப் பார்த்தவன் நான். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, பஸ் பலகை, எதையும் நான் வாசித்தால்தான் அப்பா நம்புவார். உபதேசியாருக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. அவர் வேறு எதையோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று அப்பா எதிர்பார்த்தார். அத்தையும் எதிர்பார்த்தாள், அவள் கை என் தோளில் இருந்தது.

விரல் காட்டிய இடத்தில் பிராணிகளின் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. எலி வந்தது. அதற்கு அடுத்து 'சகலவிதமான ஆமையும்' என்று வந்தது.

"இருக்காலே?"

"இருக்குப்பா."

"ஆமைன்னே போட்டிருக்கா?"

"ஆமைன்னுதான் போட்டிருக்கு."

"தண்ணி ஆமையா இருக்கும். இது காட்டு ஆமைல்ல."

"எல்லா ஆமையும்தாம்ப்பா."

என் தோளிலிருந்து கை எடுபட்டது. அத்தை உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள்: "திங்கத்தானே ஐயா ஆகாது. நான் திங்கவா கேக்கேன்? படுக்கத்தானே இடம் கேக்கேன்."

உபதேசியார் உண்மையாகவே யோசித்தார். "அந்த விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. பாதிரியார் அடுத்த மாசம் வருவார். கேட்டுச் சொல்றேன்."

அடுத்த மாதம் வரை அந்தச் சின்ன ஆமை இருக்காது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். உபதேசியார் ஜெபம் செய்தார். அம்மாவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும், பிரிந்திருக்கும் குடும்பம் ஒன்றுசேர்வதற்கும். நாங்கள் ஆமென் சொன்னோம்.

அப்பாவைப் பற்றி இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். அவர் யாரையும் கேட்காமல் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்திருக்கலாம். முதல் நாளே தைரியமாகப் பேசியவர்தானே. ஆனால் தன் தைரியத்துக்கும் ஒருவரிடம் உத்தரவு வாங்கியே பழகியிருந்தார்.

அந்த வாரம்தான் டிரைவர் அண்ணன் பள்ளிக்கூடத்து வேனில் அரிசி எடுக்க வத்தலக்குண்டு போனார். திரும்பி வரும்போது அத்தையின் வீட்டிலிருந்து சேதி கொண்டுவந்தார். வெங்காயம் எடுக்க ஆள் பத்தவில்லையாம். ஆமையையும் கூட்டிக்கொண்டே வரட்டும், ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று அவள் வீட்டுக்காரரே சொன்னாராம்.

"மனசு மாறிட்டாரு," என்றார் அப்பா.

"ஜெபம் பண்ண மூணாம் நாளே பாருங்க," என்றாள் அம்மா. அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அத்தைக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள்.

"வெங்காயம் எடுக்கத்தானே கூப்பிடுறாங்க," என்று அத்தை சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

வேன் மறுபடி இறங்கிய காலையில் லைன் முழுக்க வாசலில் நின்றது. நீங்களும் நின்றீர்கள். இரண்டு பெட்டிகளையும் முன் சீட்டில் வெயில் படும் பக்கமாக வைத்து, நடுவில் அவள் உட்கார்ந்தாள். "வீட்டுக்காரர் நினைப்பு வந்திருச்சு, பழியை ஆமை மேல போடுது," என்றார் டிரைவர் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அத்தையும் கொஞ்சம் சிரித்தாள்.

"இனி எல்லாம் சரியாப் போயிரும் பாரு," என்றாள் அம்மா.

"அங்க வெயில் அடிக்கும் மதினி," என்றாள் அத்தை. 

மாசியில் தம்பி பிறந்தான். நன்றாக அழுதான். ஆமை போனது, பிள்ளை தங்கியது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அதை இல்லை என்று சொல்ல என்னிடம் எந்தப் பாடமும் இல்லை. அவன் இப்போது ஆறாவது படிக்கிறான், உங்களுக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்த சேதியைச் சொல்ல அப்பாவும் நானும் பங்குனியில் கீழே போனோம். வெயிலில் கண் கூசியது. அத்தை நிழலில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வீட்டுக்காரரும் தம்பியும் சந்தைக்குப் போயிருந்தார்கள். சேதி கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பிள்ளையின் நிறம், முடி, யார் ஜாடை என்று எல்லாம் விசாரித்தாள்.

வீட்டின் கிழக்கே கள்ளிச் செடியடியில் கல் அடுக்கிய ஒரு குழி இருந்தது. மேற்கே இன்னொன்று. இரண்டும் காலி.

"ஆமை எங்க தாயி?"

"வெங்காயம் எடுத்து முடிச்ச அன்னைக்கே வித்துட்டாங்கண்ணே. பழனிப் பக்கம் போற ஆளு ஒருத்தன் வந்தான். சின்னதுக்கு அப்பத்தான் சளி தெளிஞ்சிருந்துச்சு."

"நீ சும்மாவா இருந்தே?"

அத்தை மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி தாள் அறுக்க ஆரம்பித்தாள். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"கெளம்பு. வீட்டுக்குப் போவோம். இப்பவே."

"இனி எதுக்குண்ணே? எனக்கு மட்டும்னா அன்னைக்கே உங்க வீட்டுல இருந்திருப்பேன்ல."

"நான் கூப்பிடுறேன்ல தாயி."

"மதினி பச்சை உடம்புக்காரி. பெத்து எடுத்து உக்காந்திருக்காங்க. நான் வந்து நின்னா, மறுபடி ஏதாச்சும் வந்துருச்சோன்னு பயந்துக்கிட்டே கெடப்பாங்க. வேணாம். வெரசாப் போங்க, அவுங்க வந்துருவாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லா வாசிக்கான்ண்ணே இவன். விட்டுறாம படிக்க வைங்க."

பஸ் பிடித்து மேலே வந்தோம். வீட்டில் அம்மா அடுப்புக்கு அருகில் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மணிக்கட்டைப் பற்றியும் சொன்னார். அம்மா குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, "எவ்வளவுக்கு வித்தாங்களாம்?" என்றாள்.

"பெருசு ஏழு ரூவா. சின்னது அஞ்சு."

கூட்டிச் சொல்லும்படி இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். பன்னிரண்டு ரூபாய் என்றேன்.